டீக்கடையில் தொங்கிய லாரி

காலை ஆறு நாற்பது. திரையில் முதலில் தெரிந்தது கடல். நீல நிறம் திரை முழுவதும் நிரம்பியிருந்தது. வலது ஓரத்தில் வெள்ளையாக ஒரு தீவு. அந்தத் தீவுக்கு மேற்கே, நடுத்தண்ணீரில், நீலகிரியின் தேயிலைத் தொழிற்சாலைகள் பச்சைப் புள்ளிகளாக நெருக்கியடித்து நின்றுகொண்டிருந்தன. ஒரு புள்ளியின் மேல் வைத்துச் சொடுக்கினேன். சின்னப் பெட்டி திறந்து, முந்தைய நாளின் பச்சைத் தேயிலை விலையும், கொழுந்து எடுக்க லாரி கிளம்பும் நேரமும் காட்டியது. விலை சரி. நேரம் சரி. இடம் மட்டும் நார்வேக்கு வடக்கே, பனிக்கரடிகளின் எல்லையில்.

ஊட்டி மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த பிரவுசிங் சென்டர் அது. உரிமையாளர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். கோயமுத்தூரிலிருந்து வந்து ஸ்வெட்டர் கடை வைத்து, அது ஓடாமல் கம்ப்யூட்டருக்கு மாறியவர். அந்த வரைபடத்தைச் செய்து வலையில் ஏற்றியவரும் அவர்தான்.

"ஏனுங்க மேடம், எல்லாரும் எங்கீங்க போய்ட்டாங்க?"

"கடலுக்கு."

"அந்தக் குளுருக்குக் கொழுந்தெல்லாம் கருகிப்போயிருமுங்களே."

ரயில் டிக்கெட் எடுக்க விடிகாலையிலேயே வந்து உட்கார்ந்திருந்த ஒருவர், யாரும் கேட்காமலே பதில் சொன்னார்: "அங்கயாச்சும் வெல கெடைக்குதான்னு பாருங்க."

காரணம் எளிமையானது. ஊட்டியைப் பூமியின் மேல் குறிக்க இரண்டு எண்கள் போதும். அட்சரேகை பதினொன்று சொச்சம், தீர்க்கரேகை எழுபத்தாறு சொச்சம். எங்கள் பழைய கோப்பு அட்சரேகையை முதலில் எழுதும். சென்டர் உரிமையாளர் முந்தைய நாள் சேர்த்த புதிய வகைக் கோப்போ தீர்க்கரேகையை முதலில் எதிர்பார்க்கும். யாரும் இதை ஒரே மாதிரி எழுதுவோம் என்று உட்கார்ந்து பேசி முடிவு செய்ததாகத் தெரியவில்லை. எண்கள் இடம் மாறின. மாவட்டம் இடம் மாறியது. அரை மணி நேரத்தில் தொழிற்சாலைகளை மலைக்குத் திருப்பிக் கொண்டுவந்து விட்டோம்.

அந்த வரைபடம் செய்த கோளாறுகளில் யாருக்கும் தீங்கு இல்லாமல் முடிந்தது அது ஒன்றுதான்.

அதற்கு முன் நான் ஒரு நாளிதழில் மாவட்டச் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். தேயிலை விலை விழுந்த காலம். அந்தச் செய்திக்கு எத்தனை தலைப்பு போட முடியுமோ அத்தனையும் போட்டாயிற்று. முதலில் சரிவு, பிறகு கடும் சரிவு, அதன்பின் வரலாறு காணாத சரிவு. வரலாறும் தீர்ந்துபோனதும் பத்திரிகை கேரட் பக்கம் திரும்பிக்கொண்டது. பிறகு மாவட்டப் பக்கமே பாதியானது. மிச்சமான பாதியில் நான் இல்லை. சிறு தேயிலை விவசாயிகளுக்காக ஏற்பட்டிருந்த ஒரு சங்கம் அப்போது இணையத்தில் வரைபடம் ஒன்று போடக் கிளம்பியிருந்தது. தினமும் தகவல் திரட்டித் தர ஆள் வேண்டும் என்றார்கள். போனேன்.

வேலை இதுதான். காலையில் ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் போன் செய்ய வேண்டும். இன்று கொழுந்து எடுக்கிறீர்களா, என்ன விலைக்கு, லாரி எந்த வழியாக, கொழுந்து எடை போடும் எந்தெந்த ஷெட்டுக்குப் போகும் என்று கேட்டு எழுத வேண்டும். ஒவ்வொரு செய்திக்கும் அந்த இடத்தின் இரண்டு எண்களை ஒட்டி அனுப்பினால் அவை 'ஃபீட்' என்ற ஓர் ஓடையாக வரைபடத்துக்குப் போகும். வரைபடம் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஓடையைப் படித்துத் தன் புள்ளிகளை மாற்றிக்கொள்ளும். செய்தியின் தலையில் ஊர்ப்பெயர் போடும் வழக்கம் எனக்குப் பழகியதுதான். இங்கே ஊர்ப்பெயருக்குப் பதில் தசமப் புள்ளி.

சங்கத்தின் எண்ணம் நல்ல எண்ணம். எங்கே விலை அதிகம் என்று விவசாயி வரைபடத்தில் பார்ப்பார், கொழுந்தை அங்கே அனுப்புவார், மற்ற தொழிற்சாலைகள் வெட்கப்பட்டு விலையைக் கூட்டும். விவசாயிகளிடம் அப்போது இணையம் கிடையாது. இருந்தாலும் பயனில்லை. காலையில் பறித்த கொழுந்து சாயந்திரத்துக்குள் தொழிற்சாலை சேர வேண்டும். இல்லையென்றால் மூட்டைக்குள்ளேயே சூடேறிச் சிவந்துவிடும். ஆகவே எந்த லாரி தன் ஷெட்டுக்கு வருகிறதோ அதுதான் அவருடைய உலகச் சந்தை.

வரைபடத்தைத் தினமும் பக்தியோடு பார்த்தவர்கள் தொழிற்சாலை முதலாளிகள். பக்கத்துத் தொழிற்சாலை என்ன விலை தருகிறது என்பதை அதற்கு முன் அவர்கள் ஆள் வைத்துத்தான் அறிய வேண்டியிருந்தது. இப்போது இலவசம். வரைபடம் வந்த பின் முதலில் விலை சொல்ல ஒருவரும் தயாராக இல்லை.

"அவர் என்ன சொன்னாருங்க?"

"அவர் இன்னும் சொல்லலீங்க. நீங்க சொல்லுங்க."

"அவர் சொல்லட்டுங்க, சொல்றேன்."

அவரிடம் போன் செய்தால் அவரும் இதையே கேட்பார். பத்து மணிக்குள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே விலைக்கு வந்துவிடுவார்கள். வந்து சேரும் இடம் எப்போதும் கீழ்ப்பக்கம். விவசாயிக்காகப் போட்ட வரைபடம் முதலாளிகளுக்கு இடையே ஒற்றுமையை வளர்த்தது என்று சங்கத்துக்கு ஒரு குறிப்பு எழுதினேன். பதில் வரவில்லை.

அந்த முதலாளிகளில் ஒருவர் மற்ற எல்லோரையும்விடத் தீவிரமான வாசகர். தொழிற்சாலை சோலூர்ப் பக்கம். அவர் இருந்தது கோயமுத்தூரில். மலைக்கு மாதம் ஒருமுறை வருவார்; அதுவும் மூக்கடைப்பு இல்லாத மாதத்தில். பிரவுசிங் சென்டர்காரர் வரைபடத்தில் ஓர் அளவுகோல் சேர்த்திருந்தார். இரண்டு இடங்களைச் சொடுக்கினால் இடையில் உள்ள தூரத்தைச் சொல்லும். அதைச் சேர்த்த அடுத்த திங்கட்கிழமை முதலாளியிடமிருந்து போன்.

"மேடம், அந்த ஸ்கேலு அருமையா இருக்குதுங்க. நேத்து ஞாயித்துக்கெழம பூரா அளந்துட்டே இருந்தனுங்க. எங்கூட்டுல இருந்து கோயிலு, கோயில்ல இருந்து என்ற சம்பந்தி ஊடு, எல்லாம் அளந்துட்டேன். அப்புறம் லாரி போற வழிய அளந்தனுங்க."

"சரிங்க."

"நடுவட்டத்துக்குக் கீழ ஒரு ஷெட்டு இருக்குதுங்கல்ல. மெயின் ரோட்டுல இருந்து முந்நூறு மீட்டருதானுங்க. அதுக்கு என்ற லாரி ஆறு கிலோமீட்டரு சுத்திட்டுப் போவுது. டீசல் என்ன வெல! முந்நூறு மீட்டரு தலையில வெச்சுட்டு வந்து ரோட்டுல குடுக்க மாட்டாங்களா?"

"அது மலைங்க."

"இருக்கட்டுமுங்க. நானெல்லாம் காலையில மூணு கிலோமீட்டர் நடக்கறேன். ரேஸ்கோர்ஸ்லயும் ஒரு எடத்துல ஏத்தம் இருக்குதுங்க."

கோயமுத்தூர் ரேஸ்கோர்ஸில் ஏற்றம் இருப்பதை அந்த ஊரில் வேறு யாரும் கவனித்ததாக எனக்குத் தகவல் இல்லை.

அடுத்த திங்கள் முதல் லாரி அந்த ஷெட்டுக்குப் போகாது என்று டிரைவரிடம் சொல்லிவிட்டார். இரண்டு நாள் கழித்து ஓர் அம்மாள் பிரவுசிங் சென்டரின் வாசலில் நின்று, உள்ளே இருந்த அத்தனை பேரையும் ஒருசேரக் கேட்டார்: "யாரு இங்க மேப்பு?"

ஐம்பதைத் தாண்டியவர். சிறுபெண்ணாக இலங்கைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு திரும்பி வந்து, இங்கே அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். வந்த பணத்தில் நடுவட்டத்துக்குக் கீழே ஒரு சரிவை வாங்கித் தேயிலை வைத்திருந்தார். அவர் நிலத்தில்தான் அந்த ஷெட். சுற்றியுள்ள ஏழெட்டு வீட்டுக் கொழுந்தும் அங்கேதான் வந்து எடை போடப்படும். ஷெட்டை அவர் மடுவம் என்றார். இலங்கைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு அதுதான் பெயர்.

"ஒங்க மேப்புதான் எங்க லாரிய நிறுத்திருச்சாம். காட்டுங்க பாப்போம்."

காட்டினேன். குனிந்து பார்த்தார்.

"இதுவா என் மடுவம்? சட்டை பட்டன் மாதிரி இருக்கு. ரோடு எது?"

விரலால் காட்டினேன். புள்ளியையும் ரோட்டையும் மாறி மாறிக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பக்கந்தான்," என்றார். "இதப் பாத்தா நானே லாரிய நிறுத்தியிருப்பேன்."

பிரவுசிங் சென்டர்காரர் அவருக்கு நாற்காலி போட்டார். லாரி வராவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"என்ன செய்ய? அந்தச் சரிவுல மூட்டையோட ஏற எங்கள்ல யாருக்கு முழங்கால் இருக்கு? இருந்த முழங்காலெல்லாம் திருப்பூருக்கு பனியன் கம்பெனிக்குப் போயிருச்சு. நானும் தோட்டத்த யாருக்காவது விட்டுட்டு மகள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஒரே ரூம்பு. மருமகன் டிவி சத்தத்துல சாகணும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்தப் பட்டனக் கொஞ்சம் தள்ளி வைக்க முடியுமா?" என்றார்.

"அது ஒரு நிமிச வேலைங்கம்மா," என்று சென்டர்காரர் மவுசைப் பிடித்துவிட்டார்.

வேண்டாம் என்றேன். நடந்த இடத்தை மாற்றி எழுதக் கூடாது என்பது நாளிதழில் நான் கற்ற ஒரே ஒழுக்கம். மற்ற ஒழுக்கங்களை விளம்பரப் பிரிவு கவனித்துக்கொண்டது. புள்ளி இருக்கும் இடம் உண்மை. அதன் உயரம்தான் வரைபடத்தில் இல்லை. உயரத்தையும் போட்டுக் காட்டினால் முதலாளிக்குப் புரியும் என்று சொன்னேன். அம்மாள் என்னை நம்பாத பார்வை பார்த்துவிட்டு கூடலூர் பஸ்ஸுக்குப் போனார்.

சென்டர்காரர் எங்கிருந்தோ சம உயரக் கோடுகளைத் தேடிப் பிடித்து வரைபடத்தின் மேல் விரித்தார். ஒரே உயரத்தில் உள்ள இடங்களை எல்லாம் இணைக்கும் பழுப்புக் கோடுகள். சரிவு செங்குத்தாக ஆக ஆகக் கோடுகள் நெருங்கும். அந்த ஷெட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவில் அவை கட்டைவிரல் ரேகை போல அடர்ந்திருந்தன. நாங்கள் இருவரும் திருப்தியோடு டீ குடித்தோம். மறுநாள் காலை முதலாளியின் போன் வந்தது. குரலில் வருத்தம்.

"ஏனுங்க மேடம், அந்த ஷெட்டுக்கு இத்தன வழி இருக்குதுன்னு யாருமே எனக்குச் சொல்லலீங்களே!"

"அது வழி இல்லீங்க. உயரம்."

"பழுப்பா வளைஞ்சு வளைஞ்சு போவுதே, மண் ரோடுதானுங்க?"

"உயரத்தக் காட்டற கோடுங்க. கோடு அதிகமா இருந்தா ஏத்தம் அதிகம்."

"எதுவோ ஒண்ணு. அத்தன கோடு இருக்குதுங்கல்ல, அதுல எதையாச்சும் ஒண்ணப் புடிச்சு ஏறி வரச் சொல்லுங்க."

அத்தோடு அவர் நிற்கவில்லை. தன் உத்தரவு நடக்கிறதா என்று பார்க்க லாரியில் ஒரு கருவி வைத்தார். சோப்புப் பெட்டி அளவில் ஒரு கருப்புப் பெட்டி. உள்ளே சிம் கார்டு, பேட்டரி, வெளியே சின்னச் சிவப்பு விளக்கு. தான் இருக்கும் இடத்தின் இரண்டு எண்களைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அனுப்பும். அந்த ஓடையையும் எங்கள் வரைபடத்தில் சேர்க்கச் சொன்னார். சென்டர்காரர் சிவப்பு நிறத்தில் ஒரு குட்டி லாரிப் படம் போட்டுச் சேர்த்தார். கோயமுத்தூரில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபடி முதலாளி தன் லாரி ஊசி வளைவுகளில் திரும்புவதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே சாப்பிட்டதில் ஒரு தோசை அதிகமாகிவிட்டது என்று பிறகு என்னிடம் சொன்னார்.

திங்கட்கிழமை வந்தது. குட்டி லாரி நடுவட்டம் தாண்டி இறங்கியது. இரண்டாவது வளைவில் ஒரு டீக்கடை, அங்கே நின்றது. நெடுநேரம் நின்றது. கீழே ஷெட்டுக்குப் போகவில்லை. பிறகு மேலேறித் தொழிற்சாலைக்குத் திரும்பியது. செவ்வாயும் அப்படியே. தொழிற்சாலைக் கணக்கிலோ அந்த ஷெட்டின் மூட்டைகள் வழக்கம்போல இறங்கியிருந்தன.

"பாத்தீங்களா மேடம், தூக்கீட்டு வந்துட்டாங்க," என்றார் முதலாளி. "ஒருத்தரும் சாகலீங்க. மனுசனுக்கு முடியாததுன்னு ஒண்ணு இருக்குதுங்களா? என்ற தம்பிகிட்டச் சொன்னேன், அவனே அசந்துட்டான்." தம்பி தொழிற்சாலையில் பங்குதாரர். அவரும் வரைபடம் பார்ப்பார். "ஒண்ணுதானுங்க புரியல. டீசல் செலவு குறையவே மாட்டீங்குது. இஞ்சினக் கழட்டிப் பாக்கச் சொல்லீருக்கேன். அப்பறம் டிரைவர் முக்கா மணி நேரம் டீக் குடிக்கறானுங்க. டீ ஃபேக்டரி டிரைவர்!"

எனக்கு இரண்டு விஷயங்கள் பொருந்தவில்லை. முழங்காலும் டீசலும். அந்த வாரமே கூடலூர் பஸ் ஏறி டீக்கடை வாசலில் இறங்கினேன்.

லாரி அங்கே இல்லை. கடைக்குள், வாழைப்பழத் தாருக்குப் பக்கத்துக் கொக்கியில், கருப்புப் பெட்டி தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு குரங்குக் குல்லா மாட்டியிருந்தார்கள். முகம் தெரிய வேண்டிய ஓட்டையில் சிவப்பு விளக்கு சிமிட்டியது.

கடைக்காரர் கூடலூர்க்காரர்; தமிழ் பேசும்போது மலையாளமும் கூடவே வரும். "எந்தா மேடம், சாயா எடுக்கட்டே?" என்றார்.

"இது என்னங்க?"

"லாரி," என்றார்.

"குல்லா எதுக்கு?"

"தணுப்புல கேடாயிருமில்லே. விலயுள்ள சாதனமாணு. நம்ம பொறுப்புல வச்சிட்டுப் போயிருக்கு."

நான் டீயை முடிப்பதற்குள் கீழே மண் ரோட்டில் இரைச்சல் கேட்டது. லாரி மூட்டைகளோடு ஏறி வந்து நின்றது. டிரைவர் இறங்கினார், முன் சீட்டிலிருந்து அந்த அம்மாளும் இறங்கினார். டிரைவர் ஊட்டியிலேயே பிறந்து வளர்ந்தவர். என்னைப் பார்த்து ஒன்றும் பதறவில்லை.

"அக்கா, மொதலாளி என்ன சொன்னாரு? இத எப்பவும் பத்திரமா வச்சுக்கடான்னாரு. கீழ ரோடு குலுக்குற குலுக்குல பல்லே கழண்டுரும். பத்திரம்னா இந்தக் கடைதான்."

"லாரி எங்க இருக்குன்னு காட்டத்தான் அது."

"அதான் நான் இருக்கேன்ல, கேட்டா சொல்றேன். இதுவரைக்கும் ஒரு வார்த்த கேக்கல."

அம்மாள் கிளாசை ஆற்றியபடி சிரித்தார். "பொட்டிக் கங்காணி. தோட்டத்துல எங்க தலைக்கு மேலயே நிப்பான் கங்காணி, மூச்சு விட முடியாது. இந்தக் கங்காணிக்குக் குல்லா போட்டு மாட்டிட்டு வேலையப் பாக்குறோம். இது முப்பது வருசம் முன்னாடியே வந்திருக்கணும்."

ஊட்டிக்குத் திரும்பும் பஸ்ஸில் யோசித்தேன். எங்கள் ஓடை சொன்னது கருவி இருந்த இடத்தை. அது அணு அளவும் பிசகவில்லை. கருவிக்குக் கீழே லாரி இருக்கிறதா என்ற கேள்விக்கு ஓடையில் கட்டமே கிடையாது. பத்திரிகையில் இருந்தவரை, கேட்காத கேள்விக்குப் பதில் அச்சடித்ததில்லை. புதிதாகத் தொடங்கவும் காரணம் தெரியவில்லை.

இப்படியே சில வாரங்கள் ஓடியிருக்கும். ஒரு வியாழக்கிழமை மத்தியானம் சென்டர்காரர் கூப்பிட்டார்.

"மேடம், லாரியப் பாருங்க."

குட்டி லாரி கூடலூர் ரோட்டில் இறங்கிக்கொண்டிருந்தது. பஸ் நிற்கும் இடங்களில் எல்லாம் ஒழுங்காக நின்று போனது. கூடலூருக்குள் நுழைந்து, ஒரு தெருவில் திரும்பி, ஒரு கல்யாண மண்டபத்தின் மேல் நின்றுவிட்டது. சாயந்திரம் வரை அசையவில்லை. டீக்கடைக்காரருக்குத் தங்கை மகள் கல்யாணம். கடையைப் பூட்டும் அவசரத்தில், விலையுள்ள சாமானைத் தனியாக விட்டுப்போக மனமில்லாமல், கருவியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறியிருந்தார். அன்று கொழுந்தெடுத்துவிட்டு ஏறி வந்த டிரைவர், பூட்டிய கடை முன்னால் நின்று கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்ததாகப் பிறகு சொன்னார்.

முதலாளி ஏழு முறை போன் செய்தார்.

"கல்யாண மண்டபத்துல என்ற லாரிக்கு என்னங்க வேல? என்ற கொழுந்த அங்க எவனுக்கோ வித்துட்டிருக்கானுங்க. நாளைக்கே வர்றேன். நீங்களும் வாங்க. கையும் களவுமாப் புடிக்கோணும்."

மறுநாள் மூக்கடைப்பையும் பொருட்படுத்தாமல் வந்தார். அவர் காரிலேயே நானும் போனேன். நடுவட்டத்துக்குக் கீழே ஷெட்டுக்கு நேர் மேலே ரோட்டோரத்தில் இறங்கினார். எட்டிப் பார்த்தார். அவர் செருப்பு நுனிக்குக் கீழே, தேயிலைச் செடிகளுக்கு நடுவில் தகரக் கூரை பளபளத்தது. லாரியும் கூரைக்குப் பக்கத்தில் நின்றது. மூட்டைகள் ஏறிக்கொண்டிருந்தன.

போகக் கூடாது என்று சொன்ன இடத்தில் லாரியைப் பார்த்ததில் அவருக்கு முதலில் வந்தது நிம்மதி. கொழுந்து விற்கப்படவில்லை. பிறகுதான் கோபம் வந்தது.

"ஏனம்மா!" என்று கீழே பார்த்துக் கத்தினார்.

"என்னாங்க ஐயா!" என்று உடனே பதில் வந்தது. பக்கத்து அறையிலிருந்து பேசுவது போல அத்தனை தெளிவு.

முதலாளி என் பக்கம் திரும்பினார். முகம் மலர்ந்திருந்தது. "பாருங்க மேடம், நான் சொன்னனுங்கல்ல. பேசற தூரம்!" மறுபடி கீழே குனிந்தார். "ஏனம்மா, இங்க இருந்து பேசுனா அங்க கேக்குது. ஒரு மூட்டைய மேல கொண்டாந்து குடுக்கறதுக்கு என்ன?"

"பேச்சு ஏறி வரும் ஐயா. மூட்டை வராது."

"முந்நூறு மீட்டருதான் அம்மா!"

"அப்ப இறங்கி வாங்க. ஒரு மூட்டைய நீங்களே எடுத்துட்டுப் போங்க. ஒங்க பேருலயே கணக்கு எழுதிக்கிறேன்."

கீழே சிரிப்புச் சத்தம் கேட்டது. அதுவும் தெளிவாகவே ஏறி வந்தது. முதலாளி தன் செருப்பைப் பார்த்தார், சரிவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் குறிப்பெடுப்பதைப் போல வேறு பக்கம் பார்த்தேன். "டீக் குடிக்கலாமுங்க," என்றார்.

கடைக்காரர் கல்யாணத்திலிருந்து திரும்பியிருந்தார். கருவியும் திரும்பிக் கொக்கிக்கு வந்திருந்தது. முதலாளி பெஞ்சில் உட்கார்ந்து, குல்லாவையும் அதற்குள் சிமிட்டும் விளக்கையும் கண்டார். எழுந்து போய்க் குல்லாவைக் கழற்றினார்.

"இத்தன நாளா முக்கா மணி நேரம் டீக் குடிச்சது இதுதானுங்களா?"

"அது ஒண்ணும் குடிச்சில்லா சார்," என்றார் கடைக்காரர்.

முதலாளி குல்லாவை மறுபடி மாட்டினார்; கொஞ்சம் கோணலாக இருந்ததைச் சரிசெய்தார். டீயை ஒரு வாய் குடித்தவர் கிளாசைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது யாரு தூளுங்க?"

கடைக்காரர் இன்னொரு தொழிற்சாலையின் பெயரைச் சொன்னார். லாரி ஏமாற்றியதைவிட இதுதான் முதலாளியை அதிகமாக வருத்தியது என்பதற்கு நான் சாட்சி.

"ஏனுங்க, என்ற லாரி தெனமும் இங்க வந்து நிக்குதுன்னு ஊரு பூரா மேப்புல பாக்குது. நீங்க அடுத்தவன் தூளப் போட்டு ஆத்திட்டு இருக்கறீங்க!"

"சாருடெ தூளுக்குக் கலர் வரில்லா."

அப்போது லாரி ஏறி வந்து நின்றது. அம்மாள் இறங்கி, பேச்சின் கடைசிப் பகுதியைக் கேட்டபடி உள்ளே வந்தார். ஒரு மூட்டையிலிருந்து பிடி கொழுந்து எடுத்து வந்து மேசையில் வைத்தார். இரண்டு இலையும் மொட்டுமாகப் பச்சை.

"இது நேரத்தோட லாரி ஏறினா கலர் வரும் ஐயா. தலையில ஏத்தி வெயில்ல வச்சுக் கொண்டாந்தா செவந்து போகும். அப்புறம் இவரு சொல்ற கலர்தான். எது வேணும்னு சொல்லுங்க. திருப்பூர்ல மருமகன் வீட்டுக்கு நான் ஒரு போன் போடணும். வர்றேன்னோ வரலன்னோ."

முதலாளி கொழுந்தை விரலில் உருட்டினார், முகர்ந்தார். மூக்கடைப்பில் என்ன தெரிந்ததோ. பிறகு கடைக்காரரிடம், "நாளையில இருந்து நம்ம தூளு போடறீங்க. கலருக்கு நான் பொறுப்பு," என்றார். டிரைவரிடம், "அது தொங்கற எடத்துலயே தொங்கட்டும்டா," என்றார். அம்மாள் கடைக்காரரிடம் ஒரு டீ சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

காருக்குத் திரும்பும்போது முதலாளி என்னிடம் மெதுவாகச் சொன்னார். "டீசல் மிச்சம் பண்ணீட்டேன்னு தம்பிகிட்டச் சொல்லிப்போட்டனுங்க. மேப்புல இந்த டீக்கடையவே ஷெட்டுன்னு போட்டுருங்க."

"இங்க ஷெட்டு இல்லீங்களே."

"லாரி நிக்குதுங்கல்ல?"

நான் போடவில்லை. லாரியின் ஓடையோடு தன் ஷெட்டுகளின் பட்டியலையும் அவர் தொழிற்சாலையே அனுப்பி வந்தது; அதில் அவரே போட்டுக்கொண்டார். ஓடையில் வருவதை வரைபடம் காட்டும். அது யாரையும் மறுகேள்வி கேட்பதில்லை. மாலைக்குள் டீக்கடையின் மேல் ஒரு புதிய பச்சைப் புள்ளி முளைத்தது. பழைய புள்ளி மறைந்தது.

அடுத்த திங்கட்கிழமை லாரி மண் ரோட்டில் இறங்கி, அந்த அம்மாளின் ஷெட்டிலிருந்து மூட்டைகளை ஏற்றி வந்தது. கருவி டீக்கடையில் இருந்தது.